442-ஆவது ரெஜிமென்ட்டும் அதன் எண்களும்

அமெரிக்க ராணுவத்தின் 442-ஆவது ரெஜிமென்ட்டைப் பற்றி எதைப் படித்தாலும் சில எண்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. 9,486 பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்கள், 314 சதவீத இழப்பு, 211 பேரை மீட்க 800 பேர், ஐந்து மாதம் அசையாத அரணை 32 நிமிஷத்தில் உடைத்தது. கடைசியில் ஒரு வரி: அமெரிக்க வரலாற்றிலேயே அதிகப் பதக்கம் வாங்கிய படை. யூடியூப் வீடியோவானாலும் சரி, நினைவுநாள் கட்டுரையானாலும் சரி, இதே வரிசைதான். கொஞ்ச நாளாக இந்தப் படையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க வந்த எரிச்சல் அந்தப் படைமேல் இல்லை, அதன் கதையைச் சொல்கிற விதத்தின் மேல்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற ஆணையில் கையெழுத்திடுகிறார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி போட்ட முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அடுத்த வருஷமே, 1943 பிப்ரவரியில், அதே அரசாங்கம் அதே சமூகத்திலிருந்து ஒரு தனிப்படை திரட்டுகிறது. அதுதான் 442. அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், சிப்பாய்கள் ‘நிசெய்’, அதாவது குடியேறியவர்களின் பிள்ளைகளான இரண்டாம் தலைமுறை. இத்தாலியிலும் பிரான்சிலும் ஜெர்மானியர்களை எதிர்த்துப் போரிட்டார்கள். இதற்கு முன்பே ஹவாயில் உருவாகியிருந்த 100-ஆவது பட்டாலியன் 1944 ஜூனில் இத்தாலியில் இதோடு சேர்ந்துகொண்டது.

முதலில் அந்த 9,486-ஐப் பார்ப்போம். பர்ப்பிள் ஹார்ட் என்பது எதிரியால் காயம்பட்டவருக்கோ இறந்தவருக்கோ தரப்படும் பதக்கம். ஒருவரே இரண்டு, மூன்று தடவை வாங்கலாம். இந்த எண் பல பத்தாண்டுகளாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவி வந்திருக்கிறது. ஆனால் அமெரிக்க ராணுவமே இப்போது வெளியிடும் குறிப்புகளில் இருப்பது ‘4,000-க்கு மேல்’ என்பதுதான். பாதிக்கும் கீழே. 314 சதவீதம் என்பதும் இதே குட்டையில் ஊறியதுதான். ஆரம்பத்தில் இருந்த மூவாயிரம் சொச்சம் பேரை வகுக்கும் எண்ணாக வைத்து, போர் முழுக்க வந்துபோன எல்லோருடைய காயங்களையும் மேலே போட்டால் அப்படி ஒரு சதவீதம் கிடைக்கும். மொத்தமாக அந்தப் படை வழியே போனவர்கள் 14,000 பேர் அளவில். அதை வகுக்கும் எண்ணாகப் போட்டால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

சரி, 4,000 என்றால் மட்டும் சின்ன எண்ணா? இல்லையே. அதுதான் எனக்குப் புரியாதது. இரண்டு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் ஒரு ரெஜிமென்ட்டுக்கு 4,000 காயப் பதக்கம் என்பதே பயங்கரமான விஷயம். இதை ஏன் இரண்டு மடங்காக்கிச் சொல்ல வேண்டும்? ‘அதிகப் பதக்கம்’ என்ற வரியும் இப்படித்தான் தேய்ந்து வந்திருக்கிறது. மூலத்தில் அது ‘அதன் அளவுக்கும் போரிட்ட காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால்’ என்ற நீளமான வால் உள்ள வாக்கியம். கைமாறக் கைமாற வால் அறுந்துவிட்டது.

எண்களாவது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். ‘முள்வேலிக்குள்ளிருந்து தாமாக முன்வந்த வீரர்கள்’ என்ற வரியில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. 1943-ல் ஆள் எடுக்கும்போது ஹவாய்க்கு 1,500 பேர், அமெரிக்க நிலப்பகுதிக்கு 3,000 பேர் என்று இலக்கு வைத்தார்கள். ஹவாயில் ஏறக்குறைய 10,000 இளைஞர்கள் வந்து நின்றார்கள். இலக்கைக் கூட்டி 2,686 பேரை எடுத்தார்கள். நிலப்பகுதியில், அதாவது முகாம்கள் இருந்த பகுதியில், முன்வந்தவர்கள் சுமார் 1,200 பேர்தான். இலக்கில் பாதிகூட இல்லை.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களை மொத்தமாகப் பிடித்து அடைத்தால் தோட்டம், துறைமுகம், கடை எதுவும் ஓடாது. எனவே அங்கே சிலரைத்தான் பிடித்தார்கள், மக்களை மொத்தமாக அடைக்கவில்லை. குண்டு விழுந்த இடமே ஹவாய்தான் என்பதைக் கவனியுங்கள். ஜப்பானுக்குப் பக்கத்தில் இருந்த தீவில் தேவைப்படாத ‘ராணுவ அவசியம்’, 2,000 மைலுக்கு மேல் தள்ளியிருந்த கலிஃபோர்னியாவில் தேவைப்பட்டிருக்கிறது! வீட்டில் அப்பா அம்மா சுதந்திரமாக இருந்தவன் ஓடிவந்து சேர்ந்தான், வேலிக்குள் இருந்தவன் யோசித்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீரக்கதையில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

உண்மையில் அந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. மிசிசிப்பியில் உள்ள கேம்ப் ஷெல்பியில் பயிற்சியின்போது ஓயாத அடிதடி. ஹவாய்க்காரர்கள் பேசுவது கலப்பு ஆங்கிலம், மற்றவர்கள் பேசுவது பள்ளிக்கூட ஆங்கிலம். ஹவாய்க்காரன் காசைத் தண்ணீராகச் செலவழிப்பான், மற்றவன் முகாமில் இருக்கிற குடும்பத்துக்கு மிச்சம் பிடிப்பான். ‘கோட்டாங்க்’ என்று மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். காலித் தேங்காய் தரையில் விழுந்தால் வரும் சத்தமாம். படையையே கலைத்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போன பிறகு, ஹவாய் ஆட்களைப் பேருந்தில் ஏற்றி ஆர்கன்சாவில் இருந்த முகாம்களைப் பார்க்க அனுப்பினார்கள். பிறகு செனட்டரான டேனியல் இனோயே அப்படிப் போனவர்களில் ஒருவர். திரும்பும்போது பேருந்தில் யாருமே பேசவில்லை என்றும், நான் இந்த வேலிக்குள் இருந்திருந்தால் முன்வந்திருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகவும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 442-ஐப் பற்றி நான் படித்ததிலேயே நேர்மையான கேள்வி அதுதான் என்பேன். கேட்டவர் வலது கையைப் போரில் இழந்து, மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர்.

இந்தக் கதையை முதலில் பெரிய அளவில் மக்களிடம் கொண்டுபோனது ‘கோ ஃபார் புரோக்’ என்ற 1951 படம். அந்தப் பெயர் படையின் சொந்த முழக்கம். சூதாட்டத்தில் கையிலிருப்பதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் வைப்பதைக் குறிக்கும் ஹவாய்ப் பேச்சு. எழுதி இயக்கியவர் ராபர்ட் பிரோஷ். அவரே ஐரோப்பாவில் காலாட்படையில் இருந்தவர், முந்தைய போர்ப்படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியவர். நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிசெய் வேடங்களில் 442-ல் இருந்தவர்கள் பலரையே நடிக்க வைத்திருக்கிறார். ஆசியப் பாத்திரம் என்றால் வெள்ளைக்கார நடிகரின் கண்ணோரத்தில் ஒப்பனை போட்டு நடிக்கவைத்த காலம் அது. அந்த ஆட்கள் துப்பாக்கியைப் பிடிக்கிற விதத்திலும், சாப்பாட்டு வரிசையில் நிற்கிற விதத்திலும் ஒரு பழக்கம் தெரிகிறது. நடிப்புப் பள்ளியில் அது கிடைக்காது.

ஆனால் படம் யாருடைய கதை? வான் ஜான்சன் நடித்த டெக்சாஸ்காரரான வெள்ளைக்கார லெப்டினன்டின் கதை. அவருக்கு ஜப்பானியர்களைப் பிடிக்காது, வேறு படைக்கு மாற்றல் கேட்கிறார், போகப் போக மனம் மாறுகிறார். அவர் மனம் மாறுவதுதான் படத்தின் பயணம். நிசெய்கள் அதற்கான பாடப்புத்தகம். அவர்கள் யாரும் மாறத் தேவையில்லை, ஆரம்பத்திலிருந்தே நல்லவர்கள், வேடிக்கையானவர்கள், தைரியசாலிகள். முகாம்களில் இருக்கும் குடும்பங்களைப் பற்றி வசனத்தில் பேச்சு வருகிறது, ஆனால் அவர்களை அங்கே அடைத்தது யார் என்ற கேள்வியைப் படம் அழுத்திக் கேட்பதில்லை. 1951-ல் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று சொல்வார்கள். இருக்கலாம். எனக்குப் படத்தின்மேல் பெரிய கோபம் இல்லை. அதற்குப் பிறகு வந்த எழுபது வருஷ எழுத்தும் அதே சட்டகத்தை விட்டு வெளியே வராததுதான் கோபம். சந்தேகப்பட்டார்கள், ரத்தம் சிந்தி நிரூபித்தார்கள், நாடு ஏற்றுக்கொண்டது. இந்தச் சட்டகத்தில் சந்தேகப்பட்டது நியாயமா என்ற கேள்விக்கு இடமே இல்லை, பார்த்தீர்களா? நிரூபித்தார்கள் என்று சொன்னாலே, நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை நாமும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

படத்தின் உச்சக்கட்டம் ‘தொலைந்த பட்டாலியன்’ மீட்பு. கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டிய இடம் இது.

1944 அக்டோபர். பிரான்சின் கிழக்கே வோஜ் மலைக்காடு. ஜெர்மன் எல்லைக்கு முன்னால் உள்ள கடைசி இயற்கை அரண்களில் ஒன்று, அதனால் ஜெர்மானியர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விடாத மழை, சேறு, முன்னால் இருப்பவன் தெரியாத பைன் மரக்கூட்டம். குண்டு தரையில் விழுந்து வெடித்தால் குழிக்குள் படுத்துத் தப்பிக்கலாம். இங்கே குண்டுகள் மர உச்சியில் பட்டு வெடிக்கும், இரும்புத் துண்டோடு மரச்சிலும்பும் மேலிருந்து மழையாக இறங்கும். குழிக்குக் கூரை போடாவிட்டால் படுத்தும் பிரயோசனமில்லை. 442 அப்போது டெக்சாஸ்காரர்களின் 36-ஆவது டிவிஷனோடு இணைக்கப்பட்டிருந்தது. தளபதி மேஜர் ஜெனரல் ஜான் டால்க்விஸ்ட். முதலில் ப்ரூயேர் என்ற ஊரையும் அதைச் சுற்றிய நான்கு குன்றுகளையும் பிடித்தார்கள், பிறகு பியஃபோன்டேன் என்ற சிற்றூர். பத்து நாள் போல ஓயாத சண்டை. பின்னால் வந்து ஈர உடையைக் கழற்றி இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை, மறுபடியும் ஆணை.

141-ஆவது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனை டால்க்விஸ்ட் ஒரு மலை முகட்டின் வழியாக ரொம்ப முன்னால் தள்ளிவிட்டிருந்தார். ஜெர்மானியர்கள் பின்பக்கத்தை அடைத்துவிட்டார்கள். 275 பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த ரெஜிமென்ட்டின் மற்ற பட்டாலியன்கள் முயன்று பார்த்து முடியவில்லை. 442-ஐ அனுப்பினார்கள். அக்டோபர் 27 விடியற்காலையிலிருந்து 30 வரை மரத்துக்கு மரம், குழிக்குக் குழி சண்டை. டால்க்விஸ்ட் தானே முன்வரிசைக்கு வந்து ‘போங்க, போங்க’ என்று விரட்டிக்கொண்டிருந்தார். 29-ஆம் தேதி அவர் பக்கத்திலேயே நின்ற உதவியாளர் லெப்டினன்ட் வெல்ஸ் லூயிஸ் சுடப்பட்டு இறந்தார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் சின்க்ளேர் லூயிஸின் மகன் அவர். 30-ஆம் தேதி 442 உள்ளே புகுந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 211 பேர். மீட்கப் போன ‘கே’ கம்பெனியில் நிற்கக்கூடிய துப்பாக்கி வீரர்கள் 17, ‘ஐ’ கம்பெனியில் 8. அதிகாரிகள் யாரும் மிஞ்சவில்லை, சார்ஜென்டுகள்தான் நடத்தினார்கள்.

இங்கேதான் 800 வருகிறது. இந்த 800 எந்த நாள்களின் கணக்கு என்பதில் எழுதுகிறவர்களிடம் ஒற்றுமை இல்லை. சிலர் அந்த நாலைந்து நாள் என்கிறார்கள், சிலர் அந்த மாதச் சண்டை முழுவதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். செத்தவர், காயம்பட்டவர், ஈரத்தில் கால் அழுகி ஆஸ்பத்திரிக்குப் போனவர் எல்லோரும் இதில் கலந்துவிடுகிறார்கள். படிப்பவர்கள் பலர் ‘211 பேருக்காக 800 பேர் செத்தார்கள்’ என்றே புரிந்துகொள்கிறார்கள். அது சரியில்லை. வோஜ் சண்டை முழுவதிலும் சேர்த்தே இறந்தவர்கள் நூற்றைம்பது, நூற்றறுபது பேர் அளவில்தான்.

டால்க்விஸ்ட் இவர்களைப் பலிகடா ஆக்கினாரா? ஜப்பானியர்கள்தானே, போனால் போகட்டும் என்று நினைத்தாரா? முன்னாள் வீரர்கள் பலர் அப்படித்தான் நம்பினார்கள். 100-ஆவது பட்டாலியன் தளபதியாக இருந்த சிங்கிள்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, பல வருஷம் கழித்து டால்க்விஸ்ட் நீட்டிய கையைக் குலுக்க மறுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அந்த மனிதர் தன் டெக்சாஸ்காரர்களையும் அப்படித்தான் நடத்தினார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு ‘முன்னால் ஒன்றுமில்லை, போ’ என்கிற ரகம். 275 பேர் மாட்டிக்கொண்டதே அதனால்தான். எனவே அந்த ஆணையில் இனவெறியைத் தேடுவதைவிட மோசமான தளபதித்தனத்தைத் தேடுவது பொருத்தம்.

ஆனால் இனவெறி இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில் இருந்தது, ஜெனரலின் மனசில் தேட வேண்டியதில்லை, ராணுவத்தின் அமைப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 36-ஆவது டிவிஷனின் மற்ற ரெஜிமென்ட்டுகளில் ஆள் குறைந்தால் பொதுவான மாற்று ஆள் கிடங்கிலிருந்து யாரை வேண்டுமானாலும் அனுப்பி நிரப்பலாம். 442 தனிப் படை. அதை நிசெய்களால் மட்டும்தான் நிரப்ப முடியும். ஒரு சின்னச் சமூகத்தின் இளைஞர்களை வைத்துத் திரும்பத் திரும்ப ஒரே பாத்திரத்தை நிரப்புவது போல. அதனால்தான் ‘கே’ கம்பெனி 17 பேரோடு நின்றது. ஹொனலூலுவின் ஒரே தெருவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று தந்திகள் வரக் காரணமான அமைப்பு இது. வீரக்கதைகளில் இந்த ஆள் நிரப்பும் விஷயத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை.

நவம்பர் 12 அணிவகுப்பு பற்றிய கதையும் எல்லோரும் சொல்வதுதான். டால்க்விஸ்ட் முன்னால் நிற்கிற சின்னக் கூட்டத்தைப் பார்த்து, முழு ரெஜிமென்ட்டையும் வரச் சொன்னேனே என்று கோபப்பட்டாராம். இதுதான் ஐயா ரெஜிமென்ட், மற்றவர்கள் செத்துவிட்டார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். பதில் சொன்னவர் கர்னல் பென்ஸ் என்று ஒரு சாரார், மில்லர் என்று ஒரு சாரார். இந்த மாதிரி வசனங்கள் நினைவிலே மெருகேறுவது இயல்பு. வசனம் அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்தச் சின்னக் கூட்டம் நிஜம்.

அடுத்தது அந்த 32 நிமிஷம். 1945 ஏப்ரலில் இத்தாலியின் மேற்குக் கரையில் ‘காதிக் லைன்’ என்ற ஜெர்மன் அரண் வரிசை. 442-இன் ஒரு பகுதி இருட்டில், சத்தம் போடாமல், செங்குத்தான ஃபோல்கொரிட்டோ மலையில் இரவு முழுக்க ஏறியது. ஏப்ரல் 5 விடியும்போது இரண்டு பக்கமும் தாக்குதல், 32 நிமிஷத்தில் முதல் அரண்கள் விழுந்தன. இரவு முழுக்க ஏறியதை விட்டுவிட்டு நிமிஷக் கணக்கை மட்டும் சொல்வது, கல்யாணச் சமையலை இலை போட்ட நேரத்திலிருந்து கணக்கிடுவது மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. ‘ஐந்து மாதமாக மற்றவர்களால் முடியாததை’ என்று ஒரு சேர்க்கை வரும் பாருங்கள், அந்த மற்றவர்கள் யார்? 92-ஆவது டிவிஷன். கறுப்பினச் சிப்பாய்களின் தனிப்பிரிவு. 442 அப்போது இணைக்கப்பட்டிருந்ததே அந்த டிவிஷனோடுதான். ஒரு ஒதுக்கப்பட்ட சமூகத்தின் வீரத்தைக் காட்ட இன்னொரு ஒதுக்கப்பட்ட சமூகத்தைத் தராசின் மறுதட்டில் வைக்கிறோம் என்பது எழுதுகிற பலருக்கு உறைப்பதேயில்லை.

அதே ஏப்ரல் 5 அன்று, அதே தாக்குதலில், சில மைல் தள்ளி அகினோல்ஃபி கோட்டைக்குக் கீழே 92-ஆவது டிவிஷனின் லெப்டினன்ட் வெர்னான் பேக்கர் என்ற கறுப்பின அதிகாரி எந்திரத் துப்பாக்கி நிலைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கேதான் 442-இன் சடாவோ முனெமோரி, தோழர்களைக் காப்பாற்ற கைக்குண்டின் மேல் விழுந்து இறந்தார். முனெமோரிக்கு 1946-ல் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. போர் முடிந்த கையோடு 442-க்குக் கிடைத்த ஒரே ஒன்று அது. மற்ற 20 பேருக்கு 2000 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேக்கருக்கு 1997-ல். அந்தப் போரில் பங்கேற்ற கறுப்பினத்தவர் யாருக்குமே அதுவரை அந்தப் பதக்கம் கொடுக்கப்படவில்லை. ‘அதிகப் பதக்கம்’ என்று பெருமைப்படுவதற்கு முன்னால், பதக்கம் கொடுக்கிற கை எப்படி வேலை செய்தது என்று பார்க்க இந்த ஒரு நாள் போதும்.

போருக்குப் போகாதவர்களும் இந்த ரெஜிமென்ட்டின் வரலாற்றில் அடக்கம் என்பது என் வாதம். 1944 ஜனவரியில் நிசெய்களுக்குக் கட்டாய ராணுவ அழைப்பு திரும்ப வந்தது. 442-இன் ஓட்டையை அடைக்க ஆள் வேண்டுமே! வயோமிங்கில் இருந்த ஹார்ட் மவுண்டன் முகாமில் சில இளைஞர்கள் சொன்னது எளிமையான விஷயம்: எங்கள் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள், வீட்டுக்கு விடுங்கள், பிறகு வருகிறோம். அதற்காக 63 பேருக்கு மூன்று வருஷச் சிறை. 1947 டிசம்பரில் ட்ரூமன் மன்னிப்பு கொடுத்தார். ஆனால் சொந்தச் சமூகம் அவர்களைத் துரோகிகளாக நடத்தியது பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜப்பானிய அமெரிக்கர்களின் முக்கிய அமைப்பு அவர்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டது 2002-ல்தான். அதே ஹார்ட் மவுண்டன் முகாமிலிருந்து முன்வந்து படையில் சேர்ந்தவர்தான் ஜேம்ஸ் ஒக்குபோ. வோஜ் காட்டில் அந்த மீட்புச் சண்டையின்போது குண்டுமழைக்கு நடுவே ஊர்ந்து போய்க் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்ட மருத்துவ உதவியாளர். 2000-ல் மெடல் கிடைத்தபோது அவர் இறந்து 33 வருஷம் ஆகியிருந்தது. இந்த இரண்டு தரப்பையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதிய ரெஜிமென்ட் வரலாறு எனக்கு இன்னும் கைக்குக் கிட்டவில்லை. தனித்தனியாக நல்ல புத்தகங்கள் உண்டு. வீரர்கள் ஒரு அலமாரி, மறுத்தவர்கள் ஒரு அலமாரி.

‘கோ ஃபார் புரோக்’ இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. பார்ப்பவர்கள் வான் ஜான்சனை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்கிற ஆட்களைப் பாருங்கள். நிஜமாகவே அந்த மலையில் ஏறியவர்கள் அதில் இருக்கிறார்கள்.